கறளைத் தடுக்கும் எண்ணெய் எது? ஒரு வெள்ளவத்தைக் கிறிலை முன்வைத்து

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் லேன்களில் குடியிருப்பவர்களுக்கு இரும்பில் பிடிக்கும் கறளைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. புதுக் கிறில் போட்டுப் பெயின்ற் அடித்தால் முதல் தீபாவளிக்குப் பளபளக்கும். அடுத்த தீபாவளிக்குள் வெல்டிங் மூட்டுகளில் செம்மஞ்சள் கோடு இறங்கிச் சுவரையும் கறையாக்கிவிடும். கேற்றின் பிணைச்சல், ஏசியின் வெளிப்பெட்டி, உடுப்புக் காயப்போடும் கம்பி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கியைச் சுமக்கும் இரும்புச் சட்டம் என்று எதையும் கடற்காற்று விட்டுவைப்பதில்லை.

எங்கள் தொடர்மாடியில் பெயின்ற் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது மூன்றாம் மாடி அங்கிள் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, ஏன் இந்தக் கெமிக்கல் எல்லாம்? இப்ப மரக்கறி எண்ணெயில செய்த பூச்சு வருதாம். ஊரில நாங்கள் கத்திக்கும் மண்வெட்டிக்கும் தேங்காயெண்ணெய் பூசித்தானே வச்சிருந்தனாங்கள்?"

நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. தாவர எண்ணெயால் இரும்பைக் காப்பது புதுமை இல்லை. அங்கிளின் ஜன்னல் கிறிலில் இப்போது உரிந்துகொண்டிருக்கும் எனாமல் பெயின்ற்றே பெரும்பாலும் தாவர எண்ணெயில் பிறந்ததுதான். மறுபக்கம், தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது. எண்ணெய் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது, அது பூசிய இடத்தில் தோலாக மாறவேண்டும். மாறிய பிறகும் அந்தத் தோலுக்கு ஓர் எதிரி இருக்கிறது. அந்த எதிரியைக் கறளே உற்பத்தி செய்கிறது. இந்தத் துறையில் இன்று நடக்கும் வேலையில் பெரும் பகுதி அந்த எதிரியைச் சமாளிப்பதுதான் என்பது என் கணிப்பு.

கிறிலுக்குள் ஒரு பற்றரி

பள்ளிக்கூடத்தில் செய்த ஆணிப் பரிசோதனை நினைவிருக்கலாம். ஒரு குழாயில் ஆணி, தண்ணீர், காற்று. இன்னொன்றில் கொதித்தாறிய நீரில் ஆணியைப் போட்டு, காற்றுப் புகாமல் மேலே எண்ணெய் ஊற்றியிருப்போம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டோடு ஓர் ஆணி. முதலாவது மட்டும் கறள் பிடிக்கும். தண்ணீரும் ஒட்சிசனும் சேர்ந்தால்தான் கறள் என்று கொப்பியில் எழுதிவிட்டுப் போனோம்.

கொப்பியில் எழுதாத பகுதி இது. ஈரமான இரும்பின் மேல் ஓர் இடத்தில் இரும்பு அயனாகக் கரைந்து வெளியேறுகிறது. அது விட்டுச்செல்லும் இலத்திரன்கள் உலோகத்துக்குள்ளேயே நகர்ந்து இன்னோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே தண்ணீரும் ஒட்சிசனும் அவற்றை வாங்கிக்கொண்டு ஐதரொட்சைட்டாக, அதாவது காரமாக மாறுகின்றன. சுற்று பூர்த்தியாக, மேலே உள்ள நீர்ப்படலத்தின் ஊடாக அயன்கள் ஓடவேண்டும். நம் வீட்டுக் கிறில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பற்றரிகளின் வரிசை என்று சொன்னால் தப்பில்லை. அந்தக் காரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எண்ணெய்க்கு எமனாக வரப்போவது அதுதான்.

உப்பு இதில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அயன்கள் ஓடும் பாதையை இலகுவாக்குகிறது. மற்றது அவ்வளவாகப் பேசப்படாதது. சாதாரண கறியுப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைவதற்கு ஈரப்பதன் 75 சதவீதம் அளவுக்காவது இருக்கவேண்டும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது; அதற்கு 33 சதவீதமே போதும். கொழும்புக் காற்று அந்த அளவுக்கு எப்போது உலர்ந்தது? ஆகவே மழை இல்லாத நாளிலும், தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் கிறில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நனைந்தே இருக்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, மரீன் டிரைவ் கற்களில் மோதும் அலையின் தூறலை வீட்டுக்குள் கொண்டுவரும்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

உலோக அரிப்பைக் கணக்கிட ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரம் காற்றுச் சூழலை வகுப்புகளாகப் பிரிக்கிறது. நடுத்தரமான சி3 வகுப்பில் பூச்சில்லாத சாதாரண உருக்கு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்கிரோமீற்றர் வரை தேயும். மிகக் கடுமையான சி5 வகுப்பில் 80 முதல் 200 வரை. ஆயிரம் மைக்கிரோமீற்றர் சேர்ந்தால் ஒரு மில்லிமீற்றர். இதற்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பாருங்கள்: தூரிகையால் அடிக்கும் எனாமல் ஒரு பூச்சு காய்ந்தபின் ஏறக்குறைய 30, 40 மைக்கிரோமீற்றர்தான். தலைமுடியை விட மெல்லியது. அந்தத் தடிப்பை நம்பித்தான் கடலுக்கு எதிரே கிறிலை நிறுத்தியிருக்கிறோம்.

இவ்வளவு மெல்லிய படலம் எப்படிக் காக்கிறது? மழைக்கோட்டு மாதிரித் தண்ணீரை மறிக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1950 வாக்கில் ஜே. ஈ. ஓ. மெய்ன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி அளந்து பார்த்தார். சாதாரண பெயின்ற் படலங்களின் ஊடாகக் கறள் பிடிக்கத் தேவையான அளவுக்குத் தண்ணீரும் ஒட்சிசனும் தாராளமாகப் போய்வருவது தெரிந்தது. அப்படியானால் பெயின்ற் செய்யும் வேலை என்ன? அயன்களை ஓடவிடாமல் தடுப்பது. பற்றரியின் சுற்றில் ஒரு பெரிய மின்தடையைச் செருகிவிடுவது போல. இது விளங்கினால், உப்புப் படிந்த கிறிலைக் கழுவாமல் அதன் மேலேயே எவ்வளவு விலையான பெயின்ற் அடித்தாலும் ஏன் கொப்பளிக்கிறது என்பதும் விளங்கும். மறிக்கவேண்டிய அயன்களை நாமே உள்ளே வைத்து மூடிவிட்டோம். அந்த உப்பு படலத்தின் ஊடாகத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும், கொப்புளம் எழும்.

ஆடை படியும் எண்ணெய்

பாதி பாவித்த எனாமல் தகரத்தை மூடிவைத்துச் சில மாதம் கழித்துத் திறந்தால் மேலே பாலாடை மாதிரி ஒரு தோல் இருக்கும். கத்தியால் வெட்டி எடுத்தால்தான் கீழே உள்ள பெயின்ற் கிடைக்கும். சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ப் பெயின்ற்றில் இப்படி வராது. ஏனென்றால் தண்ணீர்ப் பெயின்ற் ஈரம் ஆவியாகிக் காய்கிறது. எனாமலில் முதலில் தின்னர் ஆவியாகும். ஆனால் அது இறுகுவது காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சித்தான். மூடிக்கும் பெயின்ற்றுக்கும் இடையில் அகப்பட்ட கொஞ்சக் காற்றே அந்தத் தோலை உண்டாக்கப் போதும். தூய ஆளிவிதை எண்ணெயை ஒரு கண்ணாடியில் மெல்லியதாகப் பூசி எடை பார்த்தால், காயக் காய எடை குறையாது, கூடும். காற்றைத் தின்று கல்லாகும் எண்ணெய் அது.

இது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். எண்ணெயின் கொழுப்பமிலச் சங்கிலிகளில் காபன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் அவற்றின் பக்கத்தில்தான் ஒட்சிசன் பற்றிக்கொள்கிறது. அங்கேதான் ஒரு சங்கிலி அடுத்த சங்கிலியோடு முடிச்சுப் போடுகிறது. முடிச்சுகள் கூடிக் கூடி வலையாகின்றன. எத்தனை இரட்டைப் பிணைப்புகள் என்பதை அயடின் எண் சொல்லும்: 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயடினை ஏற்றுக்கொள்கிறது என்ற கணக்கு. ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். சோயா 120 முதல் 140. நல்லெண்ணெய் 104 முதல் 120. ஆமணக்கு 80களில். தேங்காய் எண்ணெய்க்கு? ஆறிலிருந்து பதினொன்று வரை.

இந்த எண்களை நம்பாதவர்கள் சுவாமியறைக்குப் போய்ப் பார்க்கலாம். குத்துவிளக்கில் நல்லெண்ணெய் ஊற்றும் வீடுகளில் அடித்தட்டில் வழிந்த எண்ணெய் சில வாரத்தில் பழுப்பு நிறப் பிசினாகி, நகத்தால் சுரண்டினாலும் வராமல் நிற்கும். புளி போட்டுத் தேய்த்து அம்மாமார் கைசலித்த பிசின் அது. தேங்காய் எண்ணெய் சிந்திய இடம் ஒரு வருடம் கழித்தும் எண்ணெயாகவே இருக்கும், தூசியைப் பிடித்துக்கொண்டு. தோசைக்கல்லைப் பழக்குவதும் இதே வேலைதான். நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கிச் சூடாக்கி எடுக்கும்போது, மாதக்கணக்கில் நடக்கவேண்டிய முடிச்சுப் போடுதல் அடுப்பின் சூட்டில் நிமிடங்களில் நடக்கிறது. அந்தக் கறுப்பு மினுக்கம் கரியல்ல, இறுகிய எண்ணெய். சவர்க்காரம் போட்டு உரஞ்சினால் அம்மா ஏன் ஏசுகிறார் என்பதற்கும் இதுவே காரணம்.

ஆக அங்கிளின் கத்திக்கும் மண்வெட்டிக்கும் தேங்காய் எண்ணெய் பூசியது பிழையில்லை. அது வீட்டுக்குள் கிடக்கும், அடிக்கடி எடுத்துத் துடைத்துத் திரும்பப் பூசப்படும் பொருள். கொஞ்ச நாளைக்குத் தண்ணீரை ஒதுக்கிவைக்க ஈரமான எண்ணெயே போதும். மழையும் வெயிலும் படும் கிறிலில் அதே எண்ணெய் வழிந்துபோகும். போகாத இடத்தில் உப்புத் தூசியை ஒட்டவைத்துக்கொள்ளும். பழசாகிக் காறிய எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பமிலம் உலோகத்தையே தின்னும் என்பதும் இருக்கிறது. பித்தளை விளக்கில் எண்ணெய் நின்ற இடத்தில் பச்சைக் களிம்பு வருவது அதனால்தான்.

தேங்காய் எண்ணெயை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. காற்றில் காயாத இதே குணம், சூளையில் சுட்டு இறுக்கும் பூச்சுகளில் நல்ல குணமாகிவிடுகிறது. அமினோ பிசினோடு சேர்த்துச் சுட்ட தேங்காய் எண்ணெய் அல்கிட் (எண்ணெயிலிருந்து செய்யும் பெயின்ற் பிசின்) மஞ்சளாகாது என்பதால் வீட்டுச் சாதனங்களின் வெள்ளை மினுக்கத்துக்கு அது பயன்பட்டது. ஆனால் அது தொழிற்சாலைச் சூளை வேலை, வீட்டு முற்றத்தில் தூரிகையோடு செய்யக்கூடியதல்ல.

ஈயமும் ஆளிவிதையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இரும்புப் பாலங்களின் நூற்றாண்டு. அந்த இரும்பு நின்று பிடித்ததற்குப் பின்னால் இருந்த கூட்டணி ஆளிவிதை எண்ணெயும் சிவப்பு ஈயமும். ஸ்கொட்லாந்தில் 1890இல் திறந்த ஃபோர்த் பாலம், பாரிஸின் ஈபல் கோபுரம் எல்லாம் அந்தச் செம்பூச்சை உடுத்தவை. வெறும் நிறத்துக்காக ஈயத்தைப் போடவில்லை. எண்ணெயின் கொழுப்பமிலங்களும் ஈயமும் சேர்ந்து ஈயச் சவர்க்காரமாகின்றன. அது நீரிலும் காற்றிலும் மெதுவாகச் சிதையும்போது வரும் பொருட்கள் இரும்பின் மேல் படிந்து கறளை அடக்குகின்றன. இதையும் பெரும்பாலும் மெய்னின் ஆய்வுகள்தான் தெளிவாக்கின. எண்ணெய் இங்கே வெறும் பசை இல்லை, மருந்தில் பாதி.

ஈயம் நஞ்சு, குறிப்பாகப் பிள்ளைகளின் மூளைக்கு. இலங்கையில் 2013 முதல் பெயின்ற்றில் ஈயத்துக்குச் சட்டப்படி உச்ச வரம்பு இருக்கிறது. பழைய வீடொன்றின் கிறிலைச் சுரண்டப் போகிறவர்கள் உலர்த்தித் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதும், தூள் வீட்டுக்குள் வராமல் பார்ப்பதும் அவசியம்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் "ரெட் ஒக்சைட்" என்று கேட்டால் கிடைக்கும் செம்பழுப்புப் பிறைமரை (அடிப்பூச்சை), அந்தக் காலத்துச் சிவப்பு ஈயம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதன் நிறம் இரும்பு ஒட்சைட்டு. கறளுக்கு மிக நெருங்கிய உறவினன், பொடியாக அரைத்தது. கறளைத் தடுக்கக் கறளின் சொந்தக்காரனையே பூசுகிறோம்! அது தானாக எந்த மருந்தும் சுரப்பதில்லை. மறைக்கும், படலத்தைத் தடிக்கவைக்கும், அவ்வளவுதான். மருந்து வேண்டுமானால் நாகப் பொசுபேற்று (சிங்க் பொஸ்பேற்) சேர்ந்த பிறைமரைக் கேட்டு வாங்கவேண்டும்.

நம் நாட்டுக் காரீயத்துக்கும் (ஈயம் அல்ல, பென்சிலில் வரும் கிரபைற்) இந்தக் கதையில் ஓர் ஓரம் உண்டு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் உலகப் பிரசித்தம். காரீயத்தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து இரும்புக் கட்டுமானங்களுக்குப் பூசும் வழக்கம் முன்பு இருந்தது. மேற்பூச்சாகச் சரி. நேரே இரும்பில் பட்டால் காரீயம் மின்னைக் கடத்தும். பற்றரிக்கு அதுவே இன்னொரு முனையாகிவிடும்.

1920களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரோய் கியென்லே என்ற இரசாயனவியலாளர், எண்ணெயின் கொழுப்பமிலங்களைக் கிளிசரினோடும் தலிக் அமிலத்தோடும் பிணைத்துப் பிசினாக்கினார். அதுதான் அல்கிட். ஆளிவிதை எண்ணெய் நாள்கணக்கில் காய்ந்த இடத்தில் இது மணிக்கணக்கில் காய்ந்தது. நாம் எனாமல் என்று சொல்லும் தகரங்களில் பெரும்பாலும் இருப்பது இதன் வழிவந்த பிசின், அதில் கணிசமான பங்கு சோயா மாதிரியான தாவர எண்ணெய். "இயற்கை எண்ணெய்ப் பூச்சு" என்று லேபிள் ஒட்டி இப்போது விற்பவர்கள் அந்தச் சரித்திரத்தைச் சொல்வதில்லை.

சவர்க்காரமாகும் பூச்சு

சரி, இவ்வளவு நல்ல எண்ணெய்ப் பூச்சு கடற்கரையில் ஏன் தோற்கிறது?

எங்கள் கிறிலின் கீழ்ச்சட்டத்தில் பயற்றங்காயின் மணி அளவில் ஒரு கொப்புளம் எழுந்திருந்தது. மேலே பெயின்ற் முழுசாக இருந்தது, கீறல் எதுவும் இல்லை. குண்டூசியால் குத்தினேன். தெளிந்த தண்ணீர் ஒரு துளி வந்தது. விரல்களுக்கிடையே தேய்த்தபோது சவர்க்காரத் தண்ணீர் போல வழுக்கியது. கொப்புளத்தின் தோலை நீக்கினால் உள்பக்கம் பிசுபிசுப்பாக, நகம் பட்டாலே உரியும் நிலையில் இருந்தது. அதற்கு அடியில் இரும்பு கறளே இல்லாமல் பளிச்சென்று! ஒரு விரற்கடை தள்ளி, வெல்டிங் மூட்டில்தான் கறள் குவிந்திருந்தது.

முன்னே சொன்ன காரம் இங்கே வந்து நிற்கிறது. மூட்டில் இரும்பு கரைய, அதன் இலத்திரன்களை வாங்கிக்கொண்ட இடம் இந்தக் கொப்புளத்தின் அடி. அங்கே ஐதரொட்சைட்டு சேர்கிறது. எண்ணெய்ப் படலத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பவை எசுத்தர்ப் பிணைப்புகள். காரம் பட்டால் அவை அறுந்து கொழுப்பமில உப்பாகின்றன. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். சவர்க்காரம் வரும். கறள், தன்னைத் தடுக்க வந்த பூச்சைச் சவர்க்காரமாக்கிக் கழற்றிவிட்டு, அடுத்த அங்குலத்துக்கு நகர்கிறது.

நாகம் பூசிய ஜீ.ஐ. இரும்புக் குழாயில் எனாமல் அடித்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். பிறைமர் இல்லாமல் நேரே அடித்தால் முதலில் அழகாகப் பிடிக்கும். பிறகு வாழைத்தோல் மாதிரி நீளநீளமாக உரியும். நாகப் பூச்சின் மேல் உருவாகும் காரத்தன்மையான பொருட்கள் எண்ணெயைத் தாக்கி, இடையில் நாகச் சவர்க்காரப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. பெயின்ற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயின்ற் அடிக்கும் பாஸையும் திட்டவேண்டாம், ஜீ.ஐ. பிறைமர் வாங்கிக் கொடுக்காதது நாங்கள்தான்.

கப்பல்களிலும் துறைமுகங்களிலும் இரண்டு தகரங்களைக் கலந்து இறுக்கும் எபொக்சி பூச்சுகள் எண்ணெய்ப் பூச்சின் இடத்தைப் பிடித்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். எபொக்சியின் முதுகெலும்பில் இந்த எசுத்தர் பலவீனம் இல்லை. 200 மைக்கிரோமீற்றருக்கு மேல் தடிப்பாகவும் ஏற்றலாம். ஆனால் அது பெற்றோலியத்திலிருந்து வருவது. எனவே இன்று தாவர எண்ணெயில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு முன்னால் இருக்கும் கணக்கு இதுதான்: எண்ணெயின் சங்கிலியை வைத்துக்கொண்டு, சவர்க்காரமாகும் குணத்தை எப்படி அடக்குவது?

ஆமணக்கு, றப்பர், கஜு

பல வழிகள் முயலப்படுகின்றன. சோயா, ஆளிவிதை எண்ணெய்களின் இரட்டைப் பிணைப்புகளில் எபொக்சி வளையங்களை ஏற்றி, காற்றை எதிர்பாராமல் வேறு முறையில் இறுக்குவது ஒன்று. இரும்பில் வலை நெருக்கமாக விழும். ஆனால் எசுத்தர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயை நுண்ணிய உறைகளில் அடைத்து எபொக்சியில் கலப்பது இன்னொன்று. கீறல் விழும்போது உறை உடைந்து எண்ணெய் வழிந்து, காற்றில் காய்ந்து தானே புண்ணை மூடும். 2008இல் இந்திய ஆய்வாளர்கள் யூரியா-போர்மல்டிகைட்டு உறைகளில் இதைச் செய்து காட்டினார்கள். அழகான யோசனை. ஆனால் ஒரு இடத்தில் ஒரு முறைதான் ஆறும்.

ஆமணக்கெண்ணெய் தனி ரகம். அதன் கொழுப்பமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவு ரிசினோலெயிக் அமிலம். அதன் சங்கிலியில் இயற்கையாகவே ஓர் ஐதரொட்சில் கூட்டம் தொங்குகிறது. ஐசோசயனேற்று என்ற இரசாயனத்தோடு சேர்த்தால் நேரே பொலியூரத்தேன் என்ற பிசினாக இறுகும். நம் வீட்டுப் பின்புறத்தில் முளைத்துக் கிடக்கும் ஆமணக்கு, உலகச் சந்தையில் பெரும்பாலும் குஜராத்திலிருந்து போகிறது.

றப்பர் விதையை நாங்கள் வீணாக்குகிறோம் என்பது என் ஆதங்கம். 1876இல் ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகளோடு தொடங்கிய பயிர் இது. விதை வெடித்துத் தோட்டமெல்லாம் சிதறும்போது நாற்றுமேடைக்குப் போவது கொஞ்சம்தான். அதன் எண்ணெயின் அயடின் எண் சோயாவுக்குச் சமமாக 130களில் நிற்கிறது, அல்கிட் செய்ய ஏற்றது. விதையில் சயனைட்டை வெளிவிடும் பொருள் இருப்பதால் சாப்பாட்டு எண்ணெயோடு போட்டியும் இல்லை. தேங்காய் விற்கும் விலைக்குத் தேங்காய் எண்ணெயைக் கிறிலில் பூசுவதைப் பற்றிப் பேசும் நாட்டில் இதைப் பற்றியும் பேசலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கஜு ஓடு. கண்டி வீதியில் கஜுகமவைக் கடக்கும்போது பருப்பை வாங்கிக் கொறிக்கிறோம்; ஓட்டை யாரும் நினைப்பதில்லை. உடைப்பவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள், ஏனென்றால் ஓட்டிலிருந்து கசியும் கருந்திரவம் தோலைப் பொசுக்கும். ஓட்டின் எடையில் கால் பங்கு அளவுக்கு அந்தத் திரவம் இருக்கிறது. சூடாக்கிப் பிரித்தால் அதில் பெரும் பகுதி கார்டனோல். கறாராகப் பார்த்தால் இது சமையல் எண்ணெய் வகையே அல்ல: ஒரு பீனோல் வளையம், அதில் 15 காபன் நீளமுள்ள எண்ணெய் வால். வால் தண்ணீரை ஒதுக்குகிறது. எசுத்தர்ப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. காரம் வந்தாலும் சவர்க்காரமாக்க அங்கே எதுவும் கிடையாது.

இந்தக் கார்டனோலைப் போர்மல்டிகைட்டோடும் அமீனோடும் சேர்த்து எடுக்கும் பீனல்கமீன் என்ற வகை, எபொக்சியை இறுக்கும் இரண்டாவது தகரமாக, கப்பல் பூச்சுகளில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. குளிரிலும் ஈரமான பரப்பிலும் இறுகும் என்பது அதன் பெருமை. ஆய்வுகூடத்தில் வாக்குறுதியாக நிற்கும் பலவற்றோடு ஒப்பிட்டால் இது சந்தையில் நிற்கும் சரக்கு. தாவரத்திலிருந்து வந்த கறள்தடுப்பான் எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

அப்புறம் எங்கள் கிறில்

பெயின்ற் பாஸ் வந்து பார்த்தார். எபொக்சி அடிக்கலாமா என்று கேட்டேன். இரண்டு தகரத்தையும் கலந்தால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும், மிச்சம் வாளியிலேயே இறுகிவிடும் என்றார். வெயில் பட்டால் எபொக்சி வெளிறி மாவாகும். மேலே பொலியூரத்தேன் ஒன்று வேண்டும். ஜன்னல் கிறிலுக்கு அது கட்டாது, தண்ணீர்த் தாங்கிச் சட்டத்துக்குக் கட்டும் என்று பேசி முடிந்தது. கிறிலுக்கு நாகப் பொசுபேற்றுப் பிறைமரும் எனாமல் இரண்டு பூச்சும். மூட்டுகளுக்கும் பட்டைக் கம்பியின் ஓரங்களுக்கும் முதலில் தூரிகையால் தனியாக ஒரு பூச்சு, ஏனென்றால் ஓரத்தில் பெயின்ற் தானாகவே விலகி மெலியும். கறள் முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான்.

அங்கிள் ஆளிவிதை எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வந்திருந்தார், மரக்கதவுக்கு என்று. கதவுக்கு நல்லது, கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால். ஆனால் துடைத்த பழந்துணியைச் சுருட்டிக் கூடையில் போடப் பார்த்தார், தடுத்தேன். காற்றைத் தின்னும்போது அந்த எண்ணெய் சூடாகிறது. சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்புக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்து, பல்கனிக் கம்பியில் விரித்துப் போட்டோம்.

"அப்ப தேங்காயெண்ணெய் ஒண்டுக்கும் உதவாதோ?" என்று கேட்டார்.

"உங்கட கத்திக்கு உதவும், அங்கிள்."

வேலை பெப்ரவரியில், மழை குறைந்திருக்கும்போது. கிறில்களை முதலில் நல்ல தண்ணீரால் இரண்டு தரம் கழுவி, கம்பி பிறஷ்ஷாலும் அரத்தாளாலும் தேய்த்து, திரும்பவும் ஒரு தரம் கழுவிக் காயவிட்ட பிறகே பாஸ் தகரத்தைத் திறப்பார் என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. யாரோ அதன் கீழே பேனாவால் "தண்ணீர் பில் யார் கட்டுவது?" என்று எழுதியிருக்கிறார்கள்.